டக்டக் அக்கா தேடிய கீபோர்டு

அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கம், படுக்கை விரிப்புகள் வெளுக்கிற இடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் ஒரு நீள அறை. அதில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, டாக்டர்கள் வாய்க்கு வந்தபடி பேசிப் பதிந்து வைத்ததைக் காதில் கேட்டுக் கேட்டு எழுத்தாக அடிப்பார்கள். ஒரு டாக்டர் மென்றுகொண்டே பேசுவார். ஒருவர் படியிறங்கிக்கொண்டே பேசுவார், மூச்சு வாங்குவது நோயாளிக்கா இவருக்கா என்று தெரியாது. இன்னொருவர் ஒருத்தருடைய கல்லீரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வரும்போதே, வீட்டுக்குப் பேசி, குழந்தை தூங்கிவிட்டதா என்று விசாரிப்பார். எதை அடிப்பது, எதை விடுவது என்று பொறுக்கிப் பொறுக்கியே அந்தப் பெண்களுக்கு மண்டை காய்ந்துவிடும்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளுக்கு டக்டக் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. மற்றப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த கீபோர்டு, மூச்சுக் காட்டாது. அவளுடையது குதிரை ஓடுகிற மாதிரி டக்டக்கென்று ஓடும். அவளே கொண்டுவந்தது, அவளே துடைப்பது. போகும்போது மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். அதில் வேறு யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு வரி அடிக்க முடியாது. உலகத்துக்கெல்லாம் ஒரு வரிசை என்றால் அந்தக் கீபோர்டுக்கு மட்டும் தனி வரிசை. அடிக்கடி வேண்டிய எழுத்தெல்லாம் நடு வரிசையில், விரல் சும்மா உட்காருகிற இடத்திலேயே இருக்கும். மற்றவை ஆளுக்கொரு மூலையில் கிடக்கும்.

வேண்டுமென்று தேடிப்போய்க் கற்றுக்கொண்டது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், கப்பலில் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த முதலாளி, இந்த வரிசையில் அடித்தால் விரல் நோகாது, வேகம் வரும் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பி, எங்கேயோ மூடிவிட்டுப் போன ஓர் ஆபீஸின் கீபோர்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்திருந்தார். டைப் என்றால் என்னவென்றே தெரியாமல் போன பெண், அதில்தான் விரல் வைத்தாள். அதுதான் உலக வழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அந்தக் கம்பெனியும் படுத்துவிட்டது. முதலாளி வாசலில் நின்று, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கம்மா என்றார், வேறு கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. மற்றவர்கள் வழியிலேயே விற்றுவிட்டார்கள். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஊர் வழக்கத்துக்கு மாறிக்கொள்ளக் கூடாதா என்று கேட்காதவர்கள் இல்லை. அவளும் மாறிப் பார்த்தாள். சாதாரணக் கீபோர்டில் கை வைத்தால், விரல் பாதி வழியில் நின்று, எங்கே போகவேண்டும் என்று யோசிக்கும். டாக்டர் அதற்குள் கல்லீரலைத் தாண்டி மண்ணீரலுக்குப் போயிருப்பார். கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுத்து வரிசையை மாற்ற வழி இருக்கிறதாம். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அதையும் கேட்டுப் பார்த்தாள்.

"மாத்தறது ஒண்ணும் பெரிய வேலை இல்லக்கா. ஆனா பூட்டு தலைமை ஆபீஸ்ல இருக்கு. நான் கை வெச்சா என்னைத் தூக்கிடுவாங்க," என்றார் அவர். "வெளியில நீங்க எந்தக் கீபோர்டை வேணா சொருகிக்குங்க. அதைக் கேக்க எவனும் வரமாட்டான்."

ஆகவே அவளுக்கு வேண்டியது, அந்த வரிசை உள்ளேயே பதிந்து வந்த பழைய கீபோர்டு. அந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை. பழையது கிடைத்தால்தான் உண்டு.

லீவு நாள் வந்தால் மற்றவர்கள் காலை நீட்டிப் படுப்பார்கள். அவள் பழைய சாமான் தெருக்களுக்குக் கிளம்புவாள். பாலத்துக்கு அடியில், ரயில் பாதை ஓரத்தில், மூடிய தியேட்டரின் முற்றத்தில் என்று எங்கெல்லாம் மின்சாமான் குவிகிறதோ அங்கெல்லாம் அவளைத் தெரியும். குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துத் தூசி தட்டிப் பார்ப்பாள். என்னென்ன விசித்திரம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது தெரியுமா. நடுவில் பிளந்து இரண்டு கையும் இரண்டு திசையில் போகிற மாதிரி ஒன்று. எழுத்தே அச்சிடாமல் மொட்டையாக ஒன்று. ஒரு கை இல்லாதவருக்கென்று எல்லா எழுத்தையும் வலப்பக்கமே ஒதுக்கிச் செய்தது ஒன்று. யாருக்கும் படிக்கத் தெரியாத ஏதோ தேசத்து எழுத்தில் கட்டுக்கட்டாகச் சில. அவளுடையது மட்டும் இத்தனை வருஷத்தில் இரண்டே முறைதான் கிடைத்தது. கம்பெனியில் கிடைத்ததும் இந்த இரண்டில் ஒன்றும் தேய்ந்துபோய், கடைசி ஒன்றுதான் இப்போது ஓடிக்கொண்டிருந்தது.

அது வெள்ளிக்கிழமை மத்தியானம் கைவிட்டது. நடு வரிசை முழுக்கச் செத்துப்போய், மேல் வரிசையும் கீழ் வரிசையும் மட்டும் அடித்தன. நல்ல நேரம் பார்த்து நின்றது. அந்த மாதம்தான் டைப் பிரிவில் ஆள் குறைக்கப்போவதாகப் பேச்சு. மேற்பார்வை பார்க்கிற பெண் கெட்டவள் இல்லை, ஆனால் மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்கிற இடத்தில் இருப்பவள்.

"அக்கா, நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். திங்கக்கிழமை பெரியவங்க வந்து உக்காந்து பாக்கப்போறாங்க. அன்னன்னிக்கு வர்ற பதிவை அன்னன்னிக்கே முடிக்கிறவங்களை மட்டும்தான் வெச்சுக்குவாங்க. இங்க குடுக்கற கீபோர்டுல உங்களால முடியுமா?"

"முடியாது."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லக் கூடாதா?"

"யோசிச்சாலும் முடியாது. வேற கொண்டு வரேன்."

செத்த கீபோர்டைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. புருஷனுக்கு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற வேலை, அந்த லிஃப்டே பாதி நாள் நின்றுதான் கிடக்கும். அதோடு வீட்டில் பாப்பா.

பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிடக் கூடாது. புருஷனுடைய தங்கை. தலை நரைத்து, முழங்கால் பிடித்து, ஐம்பதை நெருங்கியும் கடைசியாகப் பிறந்த குற்றத்துக்கு இன்னும் பாப்பா. கட்டிக்கொண்டவனோடு ஒத்துப்போகாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் கீபோர்டு கழுவுகிற வேலை. ஒவ்வொரு எழுத்தின் மேலும் தொப்பி மாதிரி ஒரு மூடி இருக்கும் அல்லவா, அவற்றை நெம்பிக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, காயவைத்துத் திரும்ப மாட்டவேண்டும். பாப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முன்னால் ஒரு புதுக் கீபோர்டை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து மாட்டுவாள். எழுத்துக்கெல்லாம் அவளே பெயர் வைத்திருந்தாள். ஏணி, கிண்ணம், பாம்பு, வளையல், சீப்பு, கொக்கி. ஒரு மூடிகூட இடம் மாறாது. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அவளுக்கும் டக்டக் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாள் ஆகிறது. முன்பெல்லாம் பாப்பா மூடிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறை வாளியில் ஊறவைப்பாள். ஒருநாள் காலை அவசரத்தில் அண்ணிக்காரி, அழுக்குத் தண்ணீர் என்று நினைத்து வாளியைக் கவிழ்த்துவிட்டாள். பாதி எழுத்து சாக்கடைக்குப் போனது. 'கண்ணு எங்க இருந்துச்சு' என்றாள் பாப்பா. 'குளிக்கிற இடத்துல குப்பையை ஊற வெச்சா வேற என்ன பண்றது' என்றாள் அண்ணி. குப்பை என்ற அந்த ஒரு சொல் பாப்பாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து மூடி வீட்டுக்கு வருவதில்லை. பேச்சும் இல்லை. எது வேண்டுமானாலும் நடுவில் இருக்கிற ஆள் வழியாகத்தான்.

"அண்ணா, தீப்பெட்டியை எங்க வெச்சாங்கன்னு கேளு."

"மேல இருக்குன்னு சொல்லுங்க."

"லிஃப்ட்லயும் மேல கீழன்னு போய்ட்டு வரேன், வீட்லயும் அதே வேலை," என்பார் அவர்.

ஊரில் உள்ள குவியலையெல்லாம் கிளறினவள், பாப்பா வேலை செய்கிற கடைப் பக்கம் மட்டும் இதுவரை தலை காட்டவில்லை. அங்கே போய் நின்றால் பாப்பாவிடம் கேட்ட மாதிரி ஆகிவிடும். அவளிடம் போய்க் கேட்பதா.

சனிக்கிழமை முழுக்க அலைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் மறுபடி கிளம்பினாள். ரயில் பாதை ஓரத்தில் ஒரு கடைக்காரர், அவள் கேட்காமலே கையை விரித்தார்.

"இல்லம்மா. இருந்தா உங்களுக்கு எடுத்து வெக்காம வேற யாருக்கு வெக்கப்போறேன்? உங்களைத் தவிர இதைக் கேட்டு வந்த ஆளை நான் பாத்ததே இல்ல."

வெயிலில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த இடத்தில் குதிகால் எரிந்தது. இடுப்பு தன் பங்குக்கு வலித்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும், தூக்கம் வந்து இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்ப அவ்வளவு தூரம் நடந்து வந்தாள். நாளைக்குப் போய்க் கோழி கொத்துகிற மாதிரி இரண்டு விரலால் கொத்துவது, அவர்கள் பார்ப்பது, எழுந்து வருவது. அவ்வளவுதான் என்று மனத்துக்குள் முடிவு கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

மேஜையில் அவளுடைய செத்த கீபோர்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. வருஷக்கணக்கான அழுக்கு ஒரு பொட்டு இல்லை. ஆனால் எழுத்தெல்லாம் ஊர் வழக்கப்படி வரிசையாக இருந்தது. பக்கத்தில் பாப்பா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள்.

"அண்ணா, சொல்லிடு. யாரோ ஆபீஸ்ல வேணும்னே கழட்டித் தாறுமாறா மாட்டி வெச்சிருக்காங்க, அதான் அடிக்க மாட்டேங்குது. கழுவி, ஒழுங்கா வெச்சுட்டேன். நாளைக்கு எடுத்துட்டுப் போகட்டும்."

அண்ணன் வீட்டில் இல்லை, லிஃப்டுக்குப் போயிருந்தார். அது பாப்பாவுக்கும் தெரியும்.

டக்டக் அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசாதவள், நேராகவே கேட்டுவிட்டாள்.

"யாரைக் கேட்டு இதுல கை வெச்சே?"

பாப்பாவும் சுவரை விட்டுத் திரும்பினாள். "நல்லது பண்ணினாலும் குத்தமா? தினம் பண்ற வேலைதானே இது. கடைக்கும்தான் இந்த மாதிரி வருது. எவனோ கழட்டி, கன்னாபின்னான்னு மாட்டி வித்துடறான். நான்தான் எல்லாத்தையும் பாத்துப் பாத்து ஒழுங்கு பண்ணி வெக்கிறேன். ஒருநாள் ஒருத்தர் கேட்டதில்ல, யாரைக் கேட்டுப் பண்ணினேன்னு."

வாயைத் திறந்த டக்டக் அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த மாதிரியா? இதே மாதிரியா வருது?"

"இதே மாதிரின்னா? ஏணி நடுவுல, கிண்ணம் இந்தப் பக்கம்... ஆமா, இதே மாதிரிதான். அப்பப்போ வரும்."

"வந்ததெல்லாம் என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? ஓனர் விப்பாரு. வாங்கினவங்க சண்டைக்கு வருவாங்க, ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு வருதுன்னு. உள்ள கோளாறு, பைத்தியம் புடிச்ச கீபோர்டுன்னு சொல்லி மூலையில போட்டுடுவாரு. உடைக்கிறவன் வந்தா எடைக்குப் போயிடும். எனக்கென்ன தெரியும், மேல இருக்கறதைத்தான் நான் பாப்பேன், உள்ள இருக்கறதையா?"

விஷயம் விளங்கியது. மூடியை மாற்றினால் முகம்தான் மாறும், உள்ளே வரிசை அப்படியே இருக்கும். அவள் ஊரெல்லாம் தேடிய கீபோர்டு, மாறுவேஷம் போட்டு, அவள் போகாத ஒரே கடையில் கிடந்திருக்கிறது. கோபப்படத் தெம்பு இல்லை. குதிகால் இன்னும் எரிந்தது.

"உடைக்கிறவன் எப்ப வந்தான்?"

"போன வாரம் வந்தான்னு நினைக்கிறேன்." பாப்பாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "ஏன் அண்ணி?"

"செருப்பைப் போடு."

வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டே டக்டக் அக்கா விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பாப்பா கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடை சின்னது. உள்ளே கூரை வரைக்கும் மானிட்டர்கள், நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி. கடைக்காரர் மேஜைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாப்பா மூலைக்குப் போய்ப் பார்த்தாள். மூலை காலியாக, பெருக்கிச் சுத்தமாக இருந்தது.

"பைத்தியங்களா?" என்றார் கடைக்காரர். "போன வாரம்தானே அள்ளிக்கிட்டுப் போனான். அதை எவன் வெச்சுக்கிட்டு அவஸ்தைப்படறது? ஏன், உங்க வீட்டுக்கு வேணுமா?"

டக்டக் அக்கா சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். பாப்பாதான் கடைக்காரரின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய், அவர் டீ கிளாஸைக் கேட்காமல் எடுத்து ஓரமாக வைத்தாள். கிளாஸுக்கு அடியில், வட்டம் வட்டமாகக் கறை படிந்து, ஒரு கீபோர்டு கவிழ்ந்து கிடந்தது.

"இது தட்டு ஆச்சே," என்றார் அவர்.

"இதுவும் அதுல ஒண்ணுதான். நான் கழுவினது எனக்குத் தெரியாதா?" என்று பாப்பா அதைத் திருப்பி அண்ணி கையில் கொடுத்தாள்.

டக்டக் அக்கா கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். பழைய கீபோர்டில் ஒவ்வொரு வரிசை மூடிக்கும் ஒவ்வொரு சரிவு. வரிசை மாறி உட்கார்ந்தால் கோணல் பல் மாதிரி கையில் இடறும். இது இடறியது. ஆள்காட்டி விரல் உட்காருகிற மூடியில் சின்ன மேடு இருக்கவேண்டும். இதில் அந்த மேடு தள்ளி, ஏணியின் மேலும் கிண்ணத்தின் மேலும் இருந்தது. அவளுடையதில் மேடு இருக்கிற அதே இரண்டு எழுத்து. மற்றவற்றைத் தடவிப் பார்க்கக்கூட இல்லை. பழைய முனைக்குப் பொருந்துகிற இணைப்பு வயர் அவள் கைப்பையில் எப்போதும் கிடக்கும், அதை எடுத்து, கடைக்காரரின் கம்ப்யூட்டரில் சொருகினாள். கண்ணைத் திறக்காமல், வெள்ளிக்கிழமை பாதியில் நின்ற கல்லீரலை அடித்தாள். டக்டக்கென்று கடை முழுக்கக் கேட்டது.

"என்ன வந்திருக்கு?" என்று கேட்டாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்து, ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். தப்பே இல்லை. "அட, இதுக்குப் பைத்தியம் இல்லையா அப்போ?"

"இல்ல," என்றாள் பாப்பா. "நான் புடிக்க வெச்சது."

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை, வெளியே போய்ப் பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டாள். ஒன்று கிடைத்தது. மற்றவை எடைக்குப் போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் பாப்பா சோப்புத் தண்ணீரும் நெம்புகிற கம்பியும் கொண்டுவந்து உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் கழட்டி, உன் வரிசைப்படியே மாட்டித் தரேன். நீ சொல்லு."

"வேண்டாம். நான் அதைப் பாத்தா அடிக்கிறேன்? கறையை மட்டும் துடை. ஏணியை எடுத்துக் கொக்கி இருக்கற இடத்துல வை. கொக்கியை ஏணி இடத்துல. அப்புறம் கிண்ணத்தை நடு வரிசைக்கு இறக்கு, இந்த ஒத்தைக் கம்பு இருக்குற இடத்துக்கு. விரலுக்கு அந்த மேடு இல்லேன்னா தடுமாறும்."

"அது ஒத்தைக் கம்பு இல்ல, பல்லு போன சீப்பு," என்றாள் பாப்பா. ஏணியை நெம்பிக் கையில் எடுத்தவள், அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "தப்புன்னு தெரிஞ்சே வெக்கணுமா?"

"ஆமா."

"என் கையாலயா?"

"எனக்கு விரல் வலிக்குது. நீதான் வெக்கணும்."

பாப்பா பெருமூச்சு விட்டு வைத்தாள். வைத்த பிறகும் அந்த நாலு மூடியையும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் வேலை முடிந்து வந்த அண்ணன், இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

"யாருக்கு என்ன சொல்லணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். போய்க் கை கால் கழுவுங்க," என்றாள் டக்டக் அக்கா.

திங்கட்கிழமை பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். மென்றுகொண்டே பேசுகிற டாக்டரும், படியிறங்குகிற டாக்டரும், குழந்தையை விசாரிக்கிற டாக்டரும் சாயங்காலத்துக்குள் முடிந்தார்கள். பெரியவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மேற்பார்வைப் பெண் அருகில் வந்து குனிந்து பார்த்தாள். சாதாரண வரிசை. நாலு மூடி இடம் மாறியிருந்தது அவள் கண்ணில் படவில்லை.

"பாத்தீங்களாக்கா. எல்லாரும் அடிக்கிற கீபோர்டுலயே வருது. இதுக்கா இத்தனை வருஷம் அடம் புடிச்சீங்க?"

விளக்கிச் சொல்லலாம்தான். பாப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாளியைச் சொல்லவேண்டும்.

"ஆமாங்க," என்றாள். மேஜை இழுப்பறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் பாப்பா முன்னாலேயே வந்து வாசலில் காத்திருந்தாள்.

"வேலை?"

"இருக்கு."

பாப்பா உள்ளே போய், பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பிரித்தாள். தூசியும் பிசுக்குமாக ஒரு கீபோர்டு. "இன்னிக்குத்தான் வந்துச்சு. மாதிரியோட ஒத்துவரல. அதான் நான் கையே வெக்கல அண்ணி. துடைக்கக்கூட இல்ல. எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு."

டக்டக் அக்கா பார்த்தாள். அந்த யாருக்கும் படிக்கத் தெரியாத தேசத்து எழுத்து. ரயில் பாதை ஓரத்தில் கட்டுக்கட்டாகக் கிடப்பது. ஆனாலும் பாப்பா அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், புடவையில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"சரி," என்றாள். "பரண்ல வை. விழாம பாத்து வை."